நரைத்த பின்னும் இயற்பியல்

கல்விக்கு ஒரு பருவம், தொழிலுக்கு ஒரு பருவம், ஓய்வுக்கு ஒரு பருவம் என வாழ்க்கையை நாம் மூன்று கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றோம். முதற்கூறு முடிந்தவுடன் கல்லூரியின் வாயில் நமக்கு அடைபட்டு விடுகின்றது. அறுபதைத் தொட்ட ஒருவர் இலக்கியம் பயில விழைந்தால் ஊரார் பாராட்டுவர். அவரே இயற்பியல் பயிலப் போவதாகச் சொன்னால், "இந்த வயதில் எதற்கு?" என வினவுவர். அவ்வினா முறையானதுதானா என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

அமெரிக்க நாட்டில் பிராவிடன்ஸ் நகரிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டில் மான்ஃபிரட் ஸ்டைனர் என்பவருக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் வழங்கிற்று. அப்போது அவருக்கு அகவை 89. வியன்னாவில் 1931இல் பிறந்த அவருக்கு இளமையிலேயே இயற்பியலின்பால் நாட்டம் இருந்தது. போருக்குப் பிந்தைய அந்நாளில், மருத்துவமே பிழைக்கும் வழி என்று வீட்டுப் பெரியவர்கள் அறிவுரை கூறினர். அதனை ஏற்று 1955இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, உயிர்வேதியியலில் முனைவராகி, குருதியியல் பேராசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அதன் பின்னரே தம் பழைய விருப்பத்தின் பக்கம் திரும்பினார். எழுபதாம் அகவையில், பேரப்பிள்ளைகளை ஒத்த மாணாக்கரோடு இளநிலை வகுப்பில் அமர்ந்தார். பருவத்திற்கு ஓரிரு பாடங்களாகப் பயின்று, 2007 அளவில் முனைவர் பட்ட வகுப்பில் சேரும் தகுதியை எய்தினார்.

அவருடைய ஆய்வுப் பொருளும் எளியதன்று. எலக்ட்ரான்கள் பெர்மியான் என்னும் இனத்தைச் சார்ந்தவை. ஒன்றிருக்கும் நிலையில் மற்றொன்று இராது. போசான்கள் அவ்வாறல்ல; ஒரே நிலையில் எத்தனையும் சேர்ந்திருக்கும். நம் நாட்டு அறிஞர் சத்தியேந்திரநாத் போஸின் பெயரைத் தாங்கியவை அவை. உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான்களின் கூட்டியக்கத்தைப் போசான்களின் மொழியில் பெயர்த்துரைக்கும் கணித முறையே ஸ்டைனர் எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவத்தில் ஈட்டிய பெயர் எதுவும் இங்கு அவருக்குக் கைகொடுத்திராது. புதிய மாணவராகவே அவர் கற்க வேண்டியிருந்தது.

இயற்பியல் இளைஞர்களின் துறை என்பாரும் உளர். ஐன்ஸ்டீன் 1905இல் 26 வயதினர். ஹைசன்பர்க் 1925இல் 23 வயதினர் என்று சான்று காட்டுவர். ஆயின், ஷ்ரோடிங்கர் தம் புகழ்பெற்ற சமன்பாட்டை 1926இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 38. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. புதியது கண்டுபிடித்தல் வேறு. கண்டுபிடித்ததைக் கற்றறிதல் வேறு. நோபல் பரிசு பெறுவார் மட்டுமே இயற்பியல் படிக்கலாம் என்றால், நம் கல்லூரி வகுப்புகளில் இன்று எத்தனை பேர் அமர இயலும்?

இவ்வழி எளிதென்று நாம் கூறவில்லை. இயற்பியலுக்குக் கணிதமே மொழி. நுண்கணிதமும் அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நாற்பது ஆண்டுகளில் மறந்து போயிருக்கும். விண்வெளி பற்றிய இனிய நூல்களைப் படித்து இன்புறுவது ஒன்று. தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கணக்குகளுக்கு விடை காண்பது மற்றொன்று. பள்ளிக் கணக்கிலிருந்து மீண்டும் தொடங்கும் பணிவு இல்லாதவர் பாதியில் திரும்ப நேரும். ஆனால் முதியோரிடம் இளையோரிடம் இல்லாத ஒன்று உண்டு. தேர்வுக்காகவோ வேலைக்காகவோ அன்றி, விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர்கள் வருகின்றனர்.

உலகம் இதற்கு வழி கண்டிருக்கின்றது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பெற்று, 1971இல் முதல் மாணாக்கரை ஏற்றது. நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. ஐ.ஐ.டி.களின் பாடங்கள் ஸ்வயம் தளத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே கேட்கக் கிடைக்கின்றன. பயின்ற பாடத்தின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதியாக்கிற்று. இத்தனை இருந்தும், உடனிருந்து விவாதிக்கும் தோழமையும் ஆய்வுக்கூடமும் தொலைவிலிருந்து முழுமையாகக் கிட்டுவதில்லை. அவற்றை அளிக்க வல்லவை அருகிலுள்ள கல்லூரிகளே.

முதியவர் ஒருவர் சேர்ந்தால் இளைஞர் ஒருவரின் இடம் பறிபோகாதா என்னும் கேள்வி நியாயமானது. அதற்கு விடை ஸ்டைனரின் வழியிலேயே இருக்கின்றது. முழுப் பட்டத்திற்கான இடத்தை முதியவருக்குத் தர வேண்டுவதில்லை. பருவத்திற்கு ஒரு பாடம், வகுப்பில் வெற்றாக உள்ள ஓர் இருக்கை, மாலையில் ஆய்வுக்கூடத்தில் சில மணி நேரம், இறுதியில் கற்றதற்கொரு சான்று, இவை போதும். இதனால் எவருடைய உரிமையும் குறையாது.

இதனால் பெரிதும் பயன்பெறுவோர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். குடும்பச் சுமையால் புகுமுக வகுப்போடு படிப்பை விட்டுக் கடல் கடந்து உழைத்துத் திரும்பியோர் நம்மிடையே உள்ளனர். மணம் முடிந்ததும் அறிவியல் நூல்களை மூடி வைத்த பெண்மக்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். தம் பிள்ளைகளைப் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆக்கிய அவர்கள், தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அவர்களுக்குச் சமுதாயம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

மாணாக்கருக்கும் இதில் ஆதாயம் உண்டு. "இது தேர்வில் வருமா?" என்று கேளாமல் "இது ஏன் இவ்வாறு நிகழ்கின்றது?" என்று கேட்கும் ஒருவர் முன்வரிசையில் இருந்தால், வகுப்பின் தரமே உயரும்.

ஆகவே, கல்லூரி நடத்தும் பெரியோர்களும் ஆசிரியப் பெருமக்களும் வரும் கல்வியாண்டிலேயே இயற்பியல் துறையில் இரண்டு இருக்கைகளையேனும் இத்தகையோருக்கு ஒதுக்கித் தொடங்குக என வேண்டுகின்றோம். இல்லத்தில் ஒரு தாயோ தந்தையோ பழைய பாடநூலைத் தேடி எடுத்தால், பிள்ளைகள் நகையாது அருகமர்ந்து உதவுக. "எதற்கு?" என்னும் வினாவுக்கு, "அறிந்துகொள்ள" என்பதே போதுமான விடை.