கடல்மீன் வளர்ப்பும் கிருமி நோயும்

அருப்புக்கோட்டைத் தறிக்கும் திருச்சுழிக் கரிசலுக்கும் கடல்மீனோடு என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். 1985 வரை நாமும் மண்டபத்தாரும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தினர். மழை பொய்த்த ஆண்டுகளில் வேறு பிழைப்புத் தேடும் நம் இளைஞர்களின் கண்ணில் அக்கரையோர மிதவைக் கூண்டுகள் படுவது இயல்பே. 2010இல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் விராலை இந்தியாவிலேயே முதன்முறையாக அடைப்பில் இனப்பெருக்கம் செய்வித்தனர். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் கூண்டுகளுக்கு மானியமும் அளித்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் முதல் போடுமுன் அறிய வேண்டியது நோயையே.

விப்ரியோ என்பது காலராக் கிருமியின் இனத்தது. கடல்நீரில் எப்போதும் இருப்பது. நலமுள்ள மீனை அது எளிதில் வெல்லாது. மீன்கள் அளவுக்கு மீறி நெருங்கினாலும், கையாளுகையில் செதில் உரிந்தாலும், வெப்பத்தால் நீரில் பிராணவாயு குறைந்தாலும் அதன் கை ஓங்கும். மீன் இரையை வெறுக்கும், உடல் கறுக்கும், துடுப்பு அரிபடும், தோலில் இரத்தப்புண் தோன்றும், பின்னர் மடியத் தொடங்கும். கடலில் வரப்பில்லை, ஒரு கூண்டின் நீரே அடுத்த கூண்டுக்கும் செல்கிறது.

உடனே இரையில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலக்கத் தோன்றும். நோயுற்ற மீனோ இரை தின்னாது. மருந்து கடலில் கரையும். கிருமிகள் அதற்கு அடங்காதவையாக மாறும். நார்வே நாட்டார் 1987இல் ஏறத்தாழ 50 டன் மருந்தைத் தம் வளர்ப்பு மீன்களுக்குச் செலவிட்டனர். பின்னர் தடுப்பூசியைக் கைக்கொண்டு, பண்ணைகளுக்கு இடைவெளியும் ஓய்வும் அளித்தனர். 1990களின் நடுவில் அது ஓரிரு டன்னாகக் குறைந்தது; மீன் விளைச்சலோ பெருகியது.

ஒருவர் காட்டில் பருத்திமார் அழிக்கப்படாது நின்றால் புழு ஊர்க் காடெல்லாம் பரவும் என்பதை நாம் அறிவோம். கூண்டுக்கும் நியாயம் அதுவே. ஆகவே கூண்டுக்கு மானியம் தருவதோடு சர்க்கார் நின்றுவிடலாகாது. நோயைக் கண்டறியும் கூடமும் கரையருகே வேண்டும். வளர்ப்போரும் சங்கமாகச் சேர்ந்து, கூண்டுக்கு இத்தனை குஞ்சு என்று வரையறுக்க வேண்டும்; ஒரே காலத்தில் விட்டு, ஒரே காலத்தில் அறுவடை செய்து, கடலுக்கு ஓய்வளிக்க வேண்டும்; செத்த மீனை அன்றாடம் கரையேற்றிப் புதைக்க வேண்டும். இக்கட்டுப்பாட்டிற்கு இசையாதவருடன் நம் அங்கத்தினர் எவரும் பங்கு சேரலாகாது என்பதே எமது கருத்து.