குன்றிலிருந்து எதைக் கொண்டுவந்தோம்?



மெஜுகோரியே யாத்திரை முடிந்து நம்மவர் ஒஸ்லோ திரும்பிய ஒரு வாரத்திற்குள் என் கைபேசிக்கு மூன்று காணொளிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் கதிரவன் நடனமாடுகிறதாம். மற்றொன்றில் செபமாலையின் சங்கிலி பொன்னிறமாக மாறிவிட்டதாம். மூன்றாவதில், காட்சி கண்டவர் ஒருவரின் வாசலில் நம்மவர் காத்து நிற்கின்றனர். “சுவாமி, இதைப் பற்றி மறையுரையில் ஏன் ஒன்றும் சொல்வதில்லை?” என்ற கேள்வியும் உடன் வந்தது. இதோ, சொல்கிறேன்.

1981 ஜூன் 24 முதல் அக்குன்றில் அன்னையைக் கண்டதாக இளையோர் அறுவர் கூறினர். 2024 செப்டெம்பர் 19 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பு, அங்கு விளையும் ஆன்மிக நன்மைகளை ஏற்று, பக்தி முயற்சிகளுக்குத் தடையில்லை என்றது. ஆயினும் அக்காட்சிகள் இயற்கைக்கு மேற்பட்டவை என்று அது அறிவிக்கவில்லை. காட்சி கண்டதாகக் கூறப்படுவோரைச் சந்திக்கும் பொருட்டு எவரும் யாத்திரை செல்ல வேண்டாம் என்றும், அமைதியின் அரசியான அன்னையைச் சந்திக்கவே செல்லுமாறும் அறிவுறுத்தியது. இதைப் படித்தபின்னுமா அந்த வாசலில் காத்து நின்றோம்?

எளியோரின் பக்தியைப் பழிக்கிறேன் என எண்ணாதீர்கள். அக்குன்றின் கூரிய கற்களில் வெறுங்காலுடன் ஏறும் தாயின் முன் நான் தலைவணங்குகிறேன். மருதமடுவுக்குக் காட்டுவழியே கால்நடையாகச் சென்ற நம் பாட்டன் பாட்டியரின் வழிவந்தவர் அவர். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அடைக்கலம் தந்த மடுவில், 1999 நவம்பரில் எறிகணைக்கு இரையானோரை நாம் மறக்கவில்லை. 2008 ஏப்ரலில் அன்னையின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்தது. அமைதியின் விலையை அறிந்த மக்கள் நாம்.

அதனாலேயே என் உள்ளம் வேகிறது. ஒரே பேருந்தில் சென்று, ஒரே குன்றில் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொன்னவர்கள், திரும்பிய ஞாயிறன்றும் திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கவில்லை. யாரென்று தேட வேண்டாம். இது ஒரு வீட்டாரின் குறை மட்டும் அன்று. சீட்டுப் பணத்துக்காகவும் ஊர்க் காணிக்காகவும் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் உடன்பிறப்புகள் நம் பங்கில் உள்ளனர். அங்கே ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நீண்ட வரிசையில் நின்றவர்களை இங்கே காணோம்.

நாம் வாழும் இந்நகரின் பாதுகாவலர் புனித ஹல்வார்த் நினைவுகூரப்படுவது காட்சி கண்டமைக்காக அன்று. திருட்டுப் பழி சுமத்தப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணொருத்தியைக் காக்க முனைந்து, 1043இல் அம்பெய்து கொல்லப்பட்டவர் அவர். எக்கேபர்க் குன்றின் அடிவாரத்தில் அவருடைய பேராலயத்தின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. அங்கே நம்மவரை நான் கண்டதேயில்லை.

அடுத்த யாத்திரைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். பலிபீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு நல்லுறவு செய்துகொள்ளச் சொன்ன ஆண்டவர், அதையும் ஒரு மலையில் அமர்ந்தே போதித்தார். பயணச்சீட்டு வாங்குமுன், நீங்கள் பேசாதிருக்கும் அந்த ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தனியே செல்லத் தயக்கமெனில் என்னை அழையுங்கள், நானும் வருகிறேன்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.