பழைய ரிட்டர்னைப் பார்த்து உருளை விதைக்காதீங்க!

நீலகிரியில் சொந்த வீடு, பின்னாடி ரெண்டு சென்ட் இடம், வொர்க் ஃப்ரம் ஹோம் வேலை. எந்த உருளைக்கிழங்கு ரகம் போடலாம்னு கேட்டா, பலரும் யோசிக்காம சொல்றது "குஃப்ரி ஜோதி".

ஜோதி 1968-ல் வந்தப்போ இலைக்கருகல் நோயைத் தாங்கும் ரகம்னு பேர் வாங்கியது. ஆனா நோய்க்கிருமி மாறிடுச்சு. அந்தத் தாங்கும் சக்தி இப்போ பெருமளவு போயிடுச்சு. மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்துல ஒண்ணு சொல்வாங்களே, கடந்தகால லாபம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லைன்னு? இங்கேயும் அதேதான்.

என் கருத்து இதுதான்: வீட்டுத் தோட்டத்துல மகசூலைக் கடைசியா பாருங்க, ரிஸ்க்கை முதல்ல பாருங்க. விவசாயி நேரத்துக்கு மருந்து அடிச்சு ஜோதியைக் காப்பாத்திடுவார். நீங்க மீட்டிங்ல இருப்பீங்க. விடாம மழையும் மூடுபனியும் வந்தா, சில நாள்லயே மொத்தப் பாத்தியும் கருகிடும். மூணு, நாலு மாச உழைப்பு காலி.

அதனால கருகலுக்கு நல்லா தாங்குற குஃப்ரி கிர்தாரியைப் பாதி இடத்துல போடுங்க. நீலகிரி மண்ணுல 1961-லேயே கண்டுபிடிச்ச நூற்புழு இன்னொரு ரிஸ்க். அதுக்கு எதிர்ப்புள்ள குஃப்ரி ஸ்வர்ணா மீதிப் பாதி. சான்று பெற்ற விதைக்கிழங்கா வாங்குங்க. சமையலுக்கு வாங்கினதை நடாதீங்க, நோயும் கூடவே வரலாம்.

கிழங்கு கம்மியா வந்தா கடையில வாங்கிக்கலாம். போன சீசனை எங்கேயும் வாங்க முடியாது.