இந்த வருஷம் எப்படி?

பட்டுச் சேலை எடுக்கப் போன இடத்தில் கால்பந்து விவகாரம் கேட்டுக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

2025 கார்த்திகை மாதம். தை பிறந்தால் என் நாத்தனாருக்குக் கல்யாணம். "காஞ்சீபுரத்துப் பட்டு கனமோ கனம். மணையில் அத்தனை நேரம் உட்கார வேண்டிய பெண்ணுக்கு ஆரணிப் பட்டுதான் சௌகரியம்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு அப்பீல் கிடையாது. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர்போன ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லியனுப்பிய நெசவாளர் வீடு அது. உள்ளே நுழைந்தால் முன்கூடத்தையே தறி அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் தறிச் சத்தம் இல்லை. வீட்டம்மாள் ஒரு மூலையில் ராட்டையைச் சுற்றித் தார் போட்டுக்கொண்டிருந்தார்.

"குழியில தண்ணி ஊறிடுச்சும்மா. வத்துற வரைக்கும் தறியில உக்கார முடியாது. வருஷா வருஷம் இந்த அவஸ்தைதான்" என்றார்.

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்வது அந்தத் தறி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளத்தில் நீர் ஊறிவிட்டால் வேலை நின்றது. வேலை நின்றால் கூலி நின்றது.

அப்போது திண்ணையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் எப்படி மாமா?"

"இன்னாத்தச் சொல்ல? பின்னாடி பலமே இல்ல. நடுவுல ஓட்டை. முன்னாடி நிக்கிறவன் ஒருத்தன் என்னா பண்ணுவான்?"

தறியைப் பற்றியோ கூரையைப் பற்றியோதான் பேசுகிறார்கள் என்று எண்ணி எனக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. வீட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது ஃபுட்பால்மா! சென்னை டீமு. வருஷத்துக்கு ஒரு தடவை இந்தத் திண்ணையில பஞ்சாயத்து நடக்கும்" என்றார்.

பஞ்சாயத்தில் நாலு பேர். வீட்டுக்காரர், அவருடைய மைத்துனர், இரண்டு பிள்ளைகள். பெரியவன் தறியில் இருக்கிறான். சின்னவன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் அண்ணன் ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் போய், தம்பியோடு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவானாம்.

"ஜெயிக்கிற அணியாக இருந்தாலும் சரி, பதினோராவது இடத்துக்கு வந்த அணிக்கா இத்தனை பாடு?" என்று கேட்டுவிட்டேன். என் தம்பியிடம் பல தடவை கேட்ட கேள்விதான். பழக்கத்தில் வந்துவிட்டது.

நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சமையலறையில் புகுந்து உப்பு ஜாடியைக் கவிழ்த்தவளைப் போல ஆகிவிட்டேன். உடனே, ஜாதகம் கணிக்கும் சிரத்தையோடு அணியின் வரலாற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கே ருசி தட்டிவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தியன் சூப்பர் லீக் என்ற கால்பந்துப் போட்டி 2014-ல் தொடங்கியது. சென்னையின் எஃப்சி அப்போது பிறந்த அணி. முதல் வருஷமே லீக் சுற்றில் முதலிடம். "கப் நமக்குத்தான்" என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது.

அடுத்தது 2015. அந்த டிசம்பரை மறக்க முடியுமா? சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனே நகரத்தில் ஆடினார்கள். கல்கத்தா அணியை 3-0 என்று ஜெயித்தார்கள். கோவாவில் இறுதி ஆட்டம். 89 நிமிஷம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து டெலிவிஷனை அணைக்கப் போனாராம். பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டானாம். 90-வது நிமிஷத்தில் கோவாவின் கோல்கீப்பர் மேல் பட்டுப் பந்து உள்ளே போனது. இரண்டு நிமிஷத்தில் மெண்டோசா இன்னொன்று போட்டார். 3-2. கோப்பை சென்னைக்கு!

"அப்பவும் நம்ம குழியில தண்ணிதான்" என்று உள்ளேயிருந்து வீட்டம்மாள் குரல் கொடுத்தார்.

கோப்பை வாங்கிய அணி 2016-ல் என்ன ஆனது? எட்டு அணிகளில் ஏழாவது. 2017-18 பருவத்தில் மறுபடி எழுந்தது. அரையிறுதியில் கோவாவை 3-0 என்று ஜெயித்தபோது அதில் ஒரு கோல் நம் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் போட்டது. இறுதி ஆட்டம் பெங்களூரில், பெங்களூர் அணியோடு. லீக் சுற்றில் அவர்கள் இவர்களைவிட எட்டுப் புள்ளி அதிகம் எடுத்தவர்கள். முதல் கோலும் அவர்கள்தான் போட்டார்கள். முடிவில் 3-2 என்று கோப்பை சென்னைக்கே வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம். அதற்கும் அடுத்த வருஷம் பாதியில் பயிற்சியாளர் மாறினார்; துவண்டு கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை போய்க் கல்கத்தாவிடம் தோற்றது. பின் மூன்று பருவங்கள் வரிசையாக எட்டாவது இடம். 2023-24-ல் ஆறாவது. 2024-25-ல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது.

"பாத்தீங்களா அக்கா? போன வருஷத்த வெச்சு இந்த வருஷத்தச் சொல்லவே முடியாது" என்றான் சின்னவன்.

"அதனாலதான் வருஷா வருஷம் ஏமார்றோம்" என்றான் பெரியவன்.

இரண்டும் நியாயமாகவே பட்டது. இது ஆரணித் திண்ணைக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து அணி 2015-16 பருவத்தில் பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5,000 தருவதாகச் சொன்னார்கள், நடக்காத காரியம் என்ற தைரியத்தில்! அந்த அணி ஜெயித்தேவிட்டது. கணக்குப் பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை.

இந்தப் பேச்சுக்கு நடுவே, தார்க்குச்சிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த பத்து வயதுப் பேத்தி வாயைத் திறந்தாள். "மதுரை சேது டீம் பொண்ணுங்க 2019-ல இந்தியாவுக்கே சாம்பியன். அத யாரும் சொல்லல" என்றாள். பஞ்சாயத்தார் திருதிருவென்று விழித்தார்கள். எனக்கும் அது புதுச் செய்திதான். அன்று ஆரணியில் நான் கேட்ட பேச்சில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இருக்கட்டும். 2025-ல் திண்ணைப் பஞ்சாயத்துக்கு வேறொரு சங்கடம் வந்திருந்தது. புதிய பயிற்சியாளராக கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா வந்திருந்தார். அவர் எப்படி, ஆட்டக்காரர்கள் எப்படி என்று அலசலாம். ஆனால் போட்டியே நடக்குமா என்று தெரியவில்லை. போட்டியை நடத்தும் ஒப்பந்தம் 15 வருஷம் ஓடி அந்த டிசம்பரில் முடிய இருந்தது. அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்ற வழக்கில் ஜூலையிலேயே பருவத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். சில கழகங்கள் சம்பளத்தையும் நிறுத்தின. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை.

"ஜெயிப்பாங்களா தோப்பாங்களான்னு சண்ட போட்டுக்கிட்டிருந்தோம். இப்ப தோக்கறதுக்குக்கூட ஒரு மேட்ச் இல்ல அக்கா" என்றான் பெரியவன். கேலிபோலத்தான் சொன்னான். முகத்தில் கேலி இல்லை.

வீட்டம்மாளிடம் திரும்பினேன். "நீங்கள் என்னம்மா நினைக்கிறீர்கள்? இந்த வருஷம் எப்படி?"

அவர் ராட்டையை நிறுத்தவில்லை. "எனக்கு ஆட்டம் தெரியாதும்மா. பாவு தெரியும். பழைய பாவு முடிஞ்சா புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் எடுத்து, பழசோட வெச்சு முறுக்கிப் பிணைக்கணும். ஆயிரக்கணக்குல இழை. அப்ப இந்தச் சேலை என்னா விலைக்குப் போவும், எந்தப் பொண்ணு கட்டிக்கும், நமக்குத் தெரியுமா? தெரிஞ்சாத்தான் பிணைப்பேன்னா இந்தத் தெருவுல ஒரு தறி ஓடாது" என்றார்.

சற்றுப் பொறுத்து, "ஜெயிக்கறதெல்லாம் அப்புறம். ஆடற புள்ளைங்களுக்குக் கூலி நின்னு போச்சாமே? அதுதான் எனக்கு மனசு கேக்கல. குழியில தண்ணி நிக்கிற வூட்டுக்காரிக்குத்தான் அது தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தார்க்குச்சியை எடுத்தார்.

திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. எனக்கும் பேச்சு எழவில்லை.

'தோற்கிற அணியைப் பார்க்கக் காசு கொடுப்பானேன்' என்று தம்பியை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! மூன்று வருஷம் எட்டாம் இடத்தில் கிடந்த அணிக்காகவும் நாலாவது வருஷம் திண்ணையில் கூடி 'இந்த வருஷம் எப்படி' என்று கேட்கிறார்களே, அது ஆருடம் பார்ப்பதல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்த வருஷமும் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வழி அது. நம் வீடுகளிலும் பரீட்சையில் பின்தங்கிய பிள்ளைக்கு ஜூன் மாதம் புது நோட்டுக்கு அட்டை போடுகிறோம். முதல் மார்க்கு வாங்கப் போகிறான் என்று தெரிந்தா போடுகிறோம்?

சேலைக்கு அரக்கு நிறம், பச்சைக் கரை என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர் வற்ற வேண்டும், பாவு பிணைக்க வேண்டும். "பொங்கலுக்குள்ள தந்துடறோம்" என்றார்கள். தேதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2026 ஜனவரி முதல் வாரத்தில் செய்தி வந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பிப்ரவரி 14 அன்று போட்டியைத் தொடங்குவதாக அறிவித்தார்கள். அன்றிரவே சின்னவன் டெலிபோன் செய்தான்.

"அக்கா, தேதி சொல்லிட்டாங்க!"

"சந்தோஷம் தம்பி. இந்த வருஷம் எப்படி?"

"கஷ்டந்தான் அக்கா. பின்னாடி பலமே இல்ல" என்று ஆரம்பித்தவன் இருபது நிமிஷம் ஓயவில்லை. அவன் பேச்சுக்குப் பின்னால் 'தடக், தடக்' என்று வேறொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா எங்கே என்று கேட்டேன். தார் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்றான். தறியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறானாம். அரக்குச் சேலையில் முந்தானைதான் பாக்கியாம்.