சேவலைப் பார்த்தா முட்டை போடுது நாமக்கல் கோழி?

எங்க வேப்பூர்ல வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஆடு வளர்க்கத் தெரியாதவன் ஊர்ல கம்மி (என்னைச் சேர்க்காதீங்க). குட்டி மாட்டிக்கிச்சுன்னா கையில எண்ணெயைத் தடவி இழுத்துப் போடற ஆளு தெருவுக்கு ஒருத்தர் உண்டு. அந்தத் தைரியம்தான் என் நண்பனோட இகுவானாவைக் கொன்னுச்சு.

வீட்டிலிருந்தே வேலைன்னு சென்னையிலிருந்து வந்தவன், நாலு வயசுப் பச்சை இகுவானாவையும் தூக்கிட்டு வந்தான். "ரெண்டு இலை போட்டா போதும் சார், பராமரிப்பே கிடையாது"ன்னு சொல்லி வித்திருக்கானுங்க. ரசீது? அதெல்லாம் எதுக்கு! வயிறு உப்பிச்சு, சாப்பாட்டை நிறுத்திச்சு, கண்ணாடித் தொட்டி மூலையைப் பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. நான் முட்டையா இருக்கும்டான்னேன். "ஆணே இல்லையே, எப்படிடா முட்டை வரும்?"

நாமக்கல் பண்ணைக் கோழி சேவலைப் பார்த்தா முட்டை போடுது? ஆண் இல்லாட்டியும் பெண் இகுவானாவுக்குச் சினை பிடிக்கும், குஞ்சுதான் வராது. மூலையைப் பிறாண்டினது நோய் இல்லை சாமி, குழி தோண்ட மண்ணு தேடியிருக்கு. காட்டுல இருந்தா வளை தோண்டி இட்டுட்டுப் போயிருக்கும். அது உள்ளே திரும்பற அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம், அதுல ஒரு அடிக்கு மேல ஈர மண்ணும் மணலும். அவ்வளவுதான் செலவு. விருத்தாசலம் பக்கத்துல இருந்துக்கிட்டு மண்ணுக்கா பஞ்சம்?

வெயிலும் ஓசிதான். சுண்ணாம்புச்சத்து உடம்புல சேர நேரடி வெயில் வேணும், ஜன்னல் கண்ணாடி வழியா வர்றது உதவாது. சுண்ணாம்புச்சத்து இல்லேன்னா முட்டையைத் தள்ளத் தசைக்குத் தெம்பு கிடையாது.

சினையா இருக்கும்போது சில வாரம் சாப்பிடாம இருக்கறது சகஜம், சுறுசுறுப்பா இருந்தா பயமில்லை. துவண்டு படுத்தாலோ, நாலு முட்டை இட்டுட்டு நின்னாலோ உடனே ஓடணும். ஓடு கட்டின முட்டை குழாயில் மாட்டியிருக்கலாம். இல்லேன்னா கரு, சினைப்பையை விட்டே இறங்காம தேங்கியிருக்கலாம். எதுன்னு எக்ஸ்ரேயும் ஸ்கேனும்தான் சொல்லும். ரெண்டாவது வகைன்னா மாட்டுக்குப் போடற ஆக்ஸிடோசினை எவ்வளவு குத்தினாலும் ஒண்ணும் வெளியே வராது, பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

நம்மாளு என்ன செஞ்சான்? உறவுக்காரப் பெரியவர் "நான் பாக்குறேன்"னு வயித்தை அமுக்கினார். அமுக்கினா முட்டை உடையும், குழாய் கிழியும், கரு வயித்துக்குள்ள கொட்டிச் சீழ் பிடிக்கும். மறுநாள் காலையில செத்துக் கிடந்துச்சு. பெரியவரைத் திட்ட மனசு வரலை, எத்தனையோ ஆட்டைக் காப்பாத்தின கை அது.

என் கோபமெல்லாம் இவன் மேலதான். டாக்டர்கிட்ட ஏன்டா போகலைன்னா, "பேப்பர் இல்லையே, மாட்டிக்குவேன்" என்கிறான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, 2024-ல் விதியும் போட்டாச்சு. இகுவானா வச்சிருக்கவங்க பரிவேஷ் தளத்துல பதியணும். இவன் பதியலை. கால்நடை டாக்டர் என்ன போலீஸா? உன் பயத்துக்கு அது ஏன்டா சாகணும்?

இப்போ அடுத்தது வாங்கலாமான்னு கேக்குறான். மொதல்ல மண்ணு டிரம் வைக்க இடம் காட்டு, அப்புறம் பேசலாம்னேன். மூணு நாளா போன் எடுக்க மாட்டேங்கறான் :-)