இரு கடன் தீர்த்த வீரர்

கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரின் ஆட்டக்காலம் மிகக் குறுகியது. உழவர் அறுபது வயதிலும் ஏர் பிடிக்கலாம். புலவர் எண்பது வயதிலும் நூல் எழுதலாம். பந்தாட்ட வீரருக்கோ ஏறத்தாழ இருபது வயதுமுதல் முப்பத்திரண்டு வயதுவரை உள்ள ஆண்டுகளே அறுவடைக் காலம். அக்காலத்தில் ஈட்டும் புகழையும் பொருளையும் கொண்டே அவர் பிற்கால வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய அரிய ஆண்டுகளுள் நான்கினைத் தாமே முன்வந்து துறந்தவர் ஒருவர் உண்டு. அவர் அல்ஜீரிய நாட்டு முன்கள வீரர் ரசீத் மெக்லூபி. அவர் செய்தது முறையா, முறையன்றா என்பது எண்ணிப் பார்க்கத் தக்க வினாவாகும்.

ஆப்பிரிக்காவின் வட கரையில் அமைந்த அல்ஜீரியாவைப் பிரெஞ்சுப் படைகள் 1830-ஆம் ஆண்டில் தாக்கின. அதுமுதல் 132 ஆண்டுகள் அந்நாடு அயலார் ஆட்சியில் உழன்றது. அங்கே செத்தீப் என்னும் நகரில் 1936-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மெக்லூபி பிறந்தார். 1945-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், ஜெர்மனி பணிந்த செய்தி கேட்டு ஐரோப்பா களிப்பில் ஆழ்ந்திருந்தபோது, செத்தீப் நகர மக்கள் தமக்கும் விடுதலை வேண்டும் என்று ஊர்வலமாகச் சென்றனர். அவர்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. கலகம் மூண்டது. அடுத்த சில வாரங்களில் அவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் கொல்லப்பட்டனர். மெக்லூபிக்கு அப்போது வயது எட்டு. பிறந்த ஊரில் நிகழ்ந்த அக்கொடுமையை எந்தச் சிறுவன்தான் மறக்க இயலும்?

எனினும் அவருக்கு வாழ்வளித்ததும் பிரான்சு நாடே. 1954-ஆம் ஆண்டில் செயின்ட் எத்தியேன் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரின் கால்பந்துக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. எதிரணியின் காவலரணை ஊடுருவிக் கோல் அடிப்பது முன்கள வீரரின் கடமை. அதற்கு விரைந்த காலும் வேண்டும். எங்கே இடைவெளி தோன்றும் என்று முன்கூட்டியே உணரும் கூர்ந்த அறிவும் வேண்டும். இவ்விரண்டும் மெக்லூபியிடம் இயல்பாக அமைந்திருந்தன. 1957-இல் அக்கழகம் முதன்முறையாகப் பிரெஞ்சு நாட்டின் தலைமைப் பட்டத்தை வென்றது. அவர் பிரெஞ்சு நாட்டு அணியிலும் இடம்பெற்றார். 1958-இல் சுவீடனில் நிகழவிருந்த உலகக் கோப்பைப் போட்டிக்குரிய வீரருள் ஒருவராகவும் அவர் எண்ணப்பட்டார். இருபத்தொரு வயது இளைஞருக்கு இதனினும் மேலான பேறு யாது?

அந்நிலையில்தான் தாய்நாடு அவரை அழைத்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கிய அல்ஜீரிய விடுதலைப் போர் அப்போது கடுமையாக நடந்துகொண்டிருந்தது. தேசிய விடுதலை முன்னணியினர் தம் நாட்டின் பெயரால் ஒரு கால்பந்து அணியை அமைக்க விரும்பினர். 1958-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிவந்த அல்ஜீரிய வீரர் பலர் ஒருவரும் அறியாமல் பிரான்சை விட்டு வெளியேறினர். மெக்லூபியும் அவர்களுடன் சுவிட்சர்லாந்து எல்லையைக் கடந்து, இத்தாலி வழியாகத் துனிசு நகரை அடைந்தார். அவர்களுள் பலர் இழந்தது தொழிலை. மெக்லூபியோ அப்போது பிரெஞ்சுப் படையில் கட்டாயப் பணி ஆற்றிவந்தார். படையை விட்டு ஓடியவர் என்னும் குற்றமும் அவரைச் சூழ்ந்தது.

அவர் பெற்றது என்ன? பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் அவ்வணியை ஏற்க மறுத்தது. கோப்பை இல்லை, பதக்கம் இல்லை. சுவீடனில் பிரான்சு மூன்றாம் இடம் பெற்றபோது அவர் அங்கு இல்லை. அதன் பின்னரும் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆயினும் துனீசியா, மொராக்கோ, கிழக்கு ஐரோப்பிய நாடுகள், சீனா, வியட்நாம் எனப் பல நாடுகளில் அவ்வணி ஆடியது. உலக வரைபடத்தில் தனி நாடாக இன்னும் இடம்பெறாத அல்ஜீரியாவின் கொடி, அயல்நாட்டு ஆடுகளங்களில் பல்லாயிரவர் முன்னிலையில் பறந்தது. எங்களுக்கும் ஒரு நாடு உண்டு என்பதை அவ்வீரர்கள் துப்பாக்கி ஏந்தாமல் உலகுக்கு உணர்த்தினர்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று சிலர் வினவலாம். கலவாதிருப்பதே நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிமைப்பட்ட நாட்டின் வீரர், ஆளும் நாட்டின் உடையை அணிந்து ஆடினால் அது விளையாட்டு. தம் நாட்டின் உடையை அணிந்து ஆடினால் அது அரசியல் என்பது எவ்வாறு பொருந்தும்? அரசியலை ஆடுகளத்திற்குள் முதலில் கொணர்ந்தவர் அவரல்லர்.

மற்றொரு வினா இதனினும் வலியது. வாய்ப்பளித்து வளர்த்த கழகத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் பிரிந்தது நன்றி மறந்த செயலன்றோ? இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. செயின்ட் எத்தியேன் மக்கள் அவருக்குத் தீங்கு இழைத்தவரல்லர். அவர் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள். அவரைத் தம் ஊர்ப் பிள்ளையாகப் போற்றியவர்கள். அவர்களுக்கு அவர் கடன்பட்டிருந்தார் என்பது உண்மையே. ஆயினும் இரு கடமைகள் ஒரே வேளையில் எதிரெதிர் நின்று அழைக்கும்போது, எது காத்திருக்கும், எது காத்திராது என்று ஆராய்ந்து தெளிவதே அறிவுடைமை. விடுதலைப் போர் காத்திராது. அதனால் முதற்கண் நாட்டின் கடனைத் தீர்த்தார். கழகத்தின் கடனை அவர் மறந்தாரல்லர்.

1962-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஜெனீவா நகரின் செர்வெத் கழகத்தில் சிறிது காலம் ஆடிய மெக்லூபி, அவ்வாண்டிலேயே செயின்ட் எத்தியேனுக்குத் திரும்பினார். போரில் மக்களை இழந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை. அவர் மீண்டும் ஆடுகளத்தில் இறங்கிய நாளில் அரங்கம் முழுதும் அமைதி நிலவியது. பந்து அவர் காலடிக்கு வந்தது. அவர் எதிரணியினரைக் கடந்து முன்னேறினார். அந்தப் பழைய ஆட்டத்தைக் கண்டதும் அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

அப்போது அக்கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்திருந்தது. 1963-இல் அது மீண்டும் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1964, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் தலைமைப் பட்டத்தை வென்றது. 1968-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் போர்தோ அணியை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தியது. அவ்விரு கோல்களையும் அடித்தவர் மெக்லூபியே. வெற்றிக் கோப்பையை வழங்கியவர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டிகால். பத்தாண்டுகளுக்கு முன் படையை விட்டு ஓடியவர் என்று பழிக்கப்பட்டவர், அந்நாட்டுத் தலைவர் முன்னிலையில் தலைநிமிர்ந்து நின்றார். வளர்த்த கழகத்தின் கடன் வட்டியும் முதலுமாகத் தீர்ந்தது.

பின்னர் அவர் அல்ஜீரிய அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையும் ஏற்றார். 1982-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் வலிமை மிக்க மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2–1 என்று வென்றபோது, அவ்வணியின் பயிற்சியாளருள் ஒருவராக அவர் இருந்தார். தாம் ஆடப் பெறாத உலகக் கோப்பையில் தம் நாட்டு இளைஞர் வென்றதைக் கண்ணாரக் கண்டார். 2024-ஆம் ஆண்டு நவம்பரில், 88-ஆம் வயதில், அவர் துனிசு நகரில் மறைந்தார்.

ஓர் ஆட்சியை எதிர்ப்பது வேறு; அந்நாட்டு மக்களை வெறுப்பது வேறு. இவ்வேறுபாட்டை மெக்லூபி அறிந்திருந்தார். செயின்ட் எத்தியேன் மக்களும் அறிந்திருந்தனர். திரும்பி வந்தவரின் துணிவு போற்றத் தக்கதாயின், அவரை ஏற்றுக்கொண்டவரின் பெருந்தன்மையும் போற்றத் தக்கதே. கோல்களின் எண்ணிக்கையைக் கொண்டே வீரரை அளப்பது உலக வழக்கம். அவ்வளவையில் மெக்லூபியை விஞ்சியவர் பலர் இருக்கலாம். ஆனால் நாட்டுக்குச் செய்ய வேண்டியதை உரிய காலத்தில் செய்து, வளர்த்தவர்க்குச் செய்ய வேண்டியதை மறவாமல் திரும்பிவந்து செய்து முடித்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக மெக்லூபியை வைத்து எண்ணுவதே முறை.