உறைபனிக்கு முன் ஒரு கடமை

டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவிலும் அதையடுத்த மார்க்கத்திலும் குடியேறி வாழும் நம்மவர்கள், மே மாதத்தின் பிற்பகுதியில் மண்ணைக் கொத்தி, வெண்டையும் பாகலும் புடலும் பயிரிட்டு, நாலைந்து மாதங்களுக்குள் அந்தச் சிறு கொல்லையிலிருந்து பெறும் ஆனந்தம் அலாதியானது. ஆயினும் அந்த விளைச்சலுக்குத் துணைநின்ற மண்வெட்டியும் கிளை வெட்டும் கத்தரிக்கோலும், கடைசிக் காயைப் பறித்த கையோடு, ஈரமண் அப்பியபடியே கொட்டகை மூலையில் தள்ளப்பட்டு வசந்தம் வரை மறக்கப்படுவதைக் காண மனம் பொறுக்கவில்லை.

கருவிகள் உழைப்பினால் கெடுவதைவிட, இந்த ஆறு மாத ஓய்வினால்தான் அதிகம் கெடுகின்றன. கூரையும் கதவும் இருப்பதால் கொட்டகைக்குள் ஈரம் புகாது என்று எண்ணுவது பிழை. குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மீது, சற்றே வெப்பம் ஏறிய ஒரு நாளில் ஈரக்காற்று படும்போது நீர்த்துளிகள் அரும்புகின்றன; அந்நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் துருவாக்க, ஒட்டியிருக்கும் மண்ணோ ஈரத்தை விடாது பற்றிக்கொண்டு அந்த நாசத்துக்கு உதவி புரிகிறது. சாலையில் தூவப்படும் உப்பு, பனிவாரும் கருவியோடு ஒட்டிக்கொண்டு அதே கொட்டகைக்குள் வந்துசேருமானால் கேடு இன்னும் விரைவுபடும்.

பரிகாரம் கடினமானதன்று. மண்ணைக் கழுவி, நன்றாக உலர்த்தி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மழுங்கிய விளிம்பை அரத்தால் அதன் பழைய சரிவு மாறாமல் தீட்டி, மெல்லிய எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டிவிட்டால் போதும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் உகந்தது. ஆனால் இங்கே மிகுந்த ஜாக்கிரதை வேண்டும்: அந்த எண்ணெய் உலரும்போது பிராணவாயுவோடு கலந்து உஷ்ணத்தை உண்டாக்குவதால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், உஷ்ணம் வெளியேற வழியின்றி அது தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில், தீப்பற்றும் பொருள்களுக்கு அப்பால், தனியாக விரித்து முற்றும் உலரவிட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

இது நமக்குப் புதிய உபதேசமும் அன்று. இந்நாட்டில் முதல் உறைபனியை எதிர்நோக்கும் காலத்தை ஒட்டியே நம்முடைய ஆயுத பூசையும் வருகிறது. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிற நாம், நமக்குச் சோறும் கறியும் தந்த மண்வெட்டியையும் அன்று கழுவித் துடைத்துப் படியில் வைப்போமானால், அந்தப் பூசை அதன் பழைய அர்த்தத்தோடு நடந்ததாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று வசந்தந்தோறும் புதிதாக வாங்கிப் பழையதைக் குப்பையில் சேர்க்கும் வழக்கம் சிக்கனமும் ஆகாது, உழைத்த பொருளுக்குக் காட்டும் மரியாதையும் ஆகாது.

கத்தரிக்கோலுக்கு எண்ணெய் இட ஒரு வாரம் தாமதித்தாலும் பாதகமில்லை. தண்ணீர்க் குழாய்க்கு அந்த அவகாசம் கிடையாது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால், சுவருக்குள் ஓடும் குழாய் வெடித்து நிலவறையே நனைந்துவிடக்கூடும். ஆதலால், உள்ளேயிருக்கும் அடைப்பானை மூடி, ரப்பர் குழாயைக் கழற்றி, வெளிக்குழாயைத் திறந்து நீரை வடியவிடும் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.